தோட்டாவின் அடியில் என்ன எழுதியிருக்கு? படிக்கக் கற்றுக்கொள்வோம், கணக்குக் கேட்போம்!

தோழர்களே!

ஒரு தலைவலி மாத்திரை வாங்குங்க. அட்டையின் பின்னாடி பேட்ச் நம்பர் இருக்கும். எந்தக் கம்பெனி, எந்த மாதம் தயாரித்தது, எப்போது காலாவதி, எல்லாம் இருக்கும். பஸ்ஸில் கண்டக்டர் கிழித்துக் கொடுக்கும் டிக்கெட்டைப் பாருங்க. அதிலும் நம்பர். டிப்போவுக்குப் போனதும் முதல் நம்பர் எது, கடைசி நம்பர் எது என்று அவர் கணக்குக் காட்டியாக வேண்டும்.

ஒரு மனித உயிரை எடுக்கும் தோட்டாவுக்கு அந்த அளவுக்காவது கணக்கு உண்டா? எந்தத் தொழிற்சாலையில் பிறந்தது, எந்தப் படைக்குப் போனது, யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார், யார் துப்பாக்கியிலிருந்து கிளம்பியது? மக்கள் இந்தக் கேள்வியைக் கேட்டால் அரசாங்கத்தால் பதில் சொல்ல முடியுமா?

முடியும். உலகத்தில் ஒரு நாடு அதைச் சட்டமாகவே போட்டது. அந்தச் சட்டம் கொலைகாரப் போலீஸ்காரர்களைச் சிறைக்கு அனுப்பியது. பிறகு அதே நாட்டில் அதே சட்டத்தை அதிகாரிகள் கேலிக்கூத்தாக்கினார்கள். அந்தக் கதையையும், அதில் நமக்கு இருக்கும் பாடத்தையும் முழுசா படிங்க. பதிவு கொஞ்சம் நீளம்தான். பொறுமையா படிச்சிட்டுப் பகிருங்க.

முதல்ல அடிப்படை.

தோட்டா என்று நாம் சொல்வது நான்கு பொருள் சேர்ந்தது. முன்னால் பறந்து போகும் குண்டு. அதைத் தள்ளும் வெடிமருந்து. மருந்தைப் பற்ற வைக்கும் சின்ன கேப். இந்த மூன்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும் உலோகக் குப்பி. இந்தக் குப்பி பெரும்பாலும் பித்தளை, சில நாடுகளில் இரும்பு. சுட்டதும் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும். குப்பி மட்டும் மிஞ்சும். பிஸ்டல், தானாக ஏற்றும் ரைஃபிள் என்றால் துப்பாக்கியே அதை வெளியே தள்ளித் தரையில் போட்டுவிடும். ரிவால்வர் என்றால் சுட்டவர் வெளியே கொட்டும்வரை உள்ளேயே இருக்கும். இதைத்தான் போலீஸ் மகஜரில் "காலி தோட்டா" என்று எழுதுகிறார்கள்.

அந்தக் காலி தோட்டாவைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்க. நடுவில் கேப். அதைச் சுற்றி வட்டமாகச் சில எழுத்துகளும் எண்களும் பொறித்திருக்கும். அதுதான் அடிமுத்திரை.

அதில் பொதுவாக இருப்பவை இவை.

ஒன்று, தயாரித்த தொழிற்சாலையின் குறி. நம் நாட்டில் அதிகம் பார்ப்பது "கே.எஃப்". புனே பக்கத்தில் உள்ள கட்கி வெடிபொருள் தொழிற்சாலையின் குறி அது. வெள்ளைக்காரன் அந்த ஊரை "கிர்க்கி" என்று சொன்னான், அந்த எழுத்தே நின்றுவிட்டது. "ஓ.எஃப்.வி" என்றால் மகாராஷ்டிரத்தின் வரண்காவ் தொழிற்சாலை. அமெரிக்காவின் லேக் சிட்டி தொழிற்சாலை "எல்.சி" என்று அடிக்கும். சோவியத் யூனியன் எழுத்தை விட்டு எண்ணைப் போட்டது. 17 என்றால் பர்னாவுல், 539 என்றால் துலா. சீனாவும் அதே வழிதான், தொழிற்சாலைக்கு ஓர் எண்.

இரண்டு, அளவு. 7.65, 9, 7.62, 5.56 என்பதெல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. 12 என்று மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் 12 போர் வேட்டைத் துப்பாக்கியின் தோட்டா.

மூன்று, ஆண்டு. ராணுவத் தோட்டாக்களில் பெரும்பாலும் கடைசி இரண்டு இலக்கம் இருக்கும். 88 என்றால் 1988. வியாபாரத்துக்கு விற்கும் தோட்டாக்களில் பல நேரம் ஆண்டே இருக்காது.

நான்கு, தரக் குறி. வட்டத்துக்குள் ஒரு சிலுவை இருந்தால் அது நேட்டோ தரத்தில் செய்தது என்று அர்த்தம்.

அவ்ளோதான். இதைத் தெரிந்துகொள்ள நிபுணராக இருக்க வேண்டாம். ரேஷன் கார்டு படிக்கத் தெரிந்தவர் யாரும் இதைப் படிக்கலாம்.

ஆனா இங்கதான் ஒரு எச்சரிக்கை. நம் இணையத் தோழர்கள் கவனமாகக் கேட்க வேண்டியது இது.

அடிமுத்திரை தோட்டா எங்கே பிறந்தது என்று சொல்லும். யார் சுட்டார் என்று சொல்லாது.

கலவரமோ என்கவுன்டரோ நடந்த மறுநாளே வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். "பாருங்கள், சீனத் தோட்டா!" "பாருங்கள், கே.எஃப், இது ராணுவத்தோட தோட்டாதான்!" இப்படிப் பதறிப் பகிர்வதை நிறுத்துவோம். கே.எஃப் முத்திரை உள்ள தோட்டா ராணுவத்திடமும் இருக்கும், போலீஸிடமும் இருக்கும், லைசென்ஸ் வாங்கிய வியாபாரி வீட்டிலும் இருக்கும். வட இந்தியக் கிரிமினல் வழக்குத் தீர்ப்புகளைப் புரட்டினால் நாட்டுத் துப்பாக்கியோடு பிடிபட்டவரின் சட்டைப் பையில் "8 எம்.எம். கே.எஃப்" தோட்டா இருந்ததாகப் பக்கத்துக்குப் பக்கம் வரும். அரசுத் தொழிற்சாலையில் செய்தது, திருட்டு வழியில் ரவுடி கைக்குப் போனது. முத்திரை அதே முத்திரைதான்.

2014-இல் கான்ஃப்ளிக்ட் ஆர்மமென்ட் ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனம் ஈராக்கிலும் சிரியாவிலும் ஐ.எஸ். கும்பலிடமிருந்து கைப்பற்றிய 1,730 தோட்டாக்களின் அடிமுத்திரையைப் படித்தது. 21 நாடுகளில் செய்தவை! அந்த 21 நாடுகளும் ஐ.எஸ்.ஸுக்கு அனுப்பி வைத்ததா? இல்லை. தோற்ற ராணுவத்திடம் பறித்தது, யாருக்கோ கொடுத்து யாரிடமோ போனது, கள்ளச் சந்தையில் வாங்கியது என்று வழிகள் பல. முத்திரை ஒரு முனை. அதிலிருந்து கயிற்றைப் பிடித்து நடந்தால்தான் மறுமுனை தெரியும்.

எதிரி பொய் சொல்லட்டும். நாம் சொல்லக் கூடாது. நம் பதிவில் ஒரு தப்பு இருந்தால் போதும், அதைக் காட்டியே நம் நூறு நியாயங்களையும் குப்பையில் போடுவான்.

சரி, யார் சுட்டார் என்பதை எது சொல்லும்?

சுடும்போது துப்பாக்கியின் ஊசி கேப்பில் குத்தும். அந்தக் குழியின் வடிவம், குப்பி பின்னால் மோதும் இடத்தில் விழும் கீறல்கள், குப்பியைப் பிடித்து இழுக்கும் கொக்கியின் தடம், இவை துப்பாக்கிக்குத் துப்பாக்கி வேறுபடும். தடயவியல் ஆய்வகத்தில் இரண்டு காலி தோட்டாக்களை ஒப்பீட்டு மைக்ராஸ்கோப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். தொழிற்சாலை பொறித்தது பிறப்புச் சான்றிதழ் என்றால், துப்பாக்கி பதித்தது கைரேகை மாதிரி.

2015 ஆகஸ்ட் 30, தார்வாடில் கன்னட அறிஞர் எம்.எம். கல்புர்கியை அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். 2017 செப்டம்பர் 5, பெங்களூருவில் கௌரி லங்கேஷை அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். இரண்டு ஊர், இரண்டு வருட இடைவெளி. "ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லை, சொத்துத் தகராறா இருக்கும், நக்சல் தகராறா இருக்கும்" என்று டிவியில் உட்கார்ந்து கதை அளந்தார்களே, ஞாபகம் இருக்கா? இரண்டு இடத்திலும் கிடைத்த குண்டுகளையும் காலி தோட்டாக்களையும் ஆய்வகத்தில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டு கொலைக்கும் ஒரே 7.65 எம்.எம். நாட்டுத் துப்பாக்கி என்று ஆய்வு சொன்னது. டிவி வாய்ச்சவடால் எல்லாவற்றையும் விரல் நுனி அளவுள்ள பித்தளைத் துண்டுகள் உடைத்துப் போட்டன.

அதனால்தான் சொல்கிறோம், காலி தோட்டாவை யார் பொறுக்குகிறார்கள், யார் எண்ணுகிறார்கள், யார் சீல் வைக்கிறார்கள் என்பது அரசியல்.

இப்ப பிரேசிலுக்கு வருவோம்.

2003-இல் பிரேசில் ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்றைக் கொண்டு வந்தது. சட்ட எண் 10,826. அதில் ஒரு பிரிவு சொல்கிறது: போலீஸ், ராணுவம் போன்ற அரசுப் படைகளுக்கு விற்கும் ஒவ்வொரு தோட்டாவின் அடியிலும் அது எந்த லாட், யார் வாங்கினார் என்று கண்டுபிடிக்கும் குறி இருக்க வேண்டும். பெட்டியின் மேல் எழுதினால் போதாது. தோட்டாவின் மேலேயே இருக்க வேண்டும். இதற்கான ராணுவ விதி ஒரு லாட்டுக்கு 10,000 தோட்டா என்று வரம்பு கட்டியது.

இது ஏன் முக்கியம்? உலகம் முழுக்கத் தோட்டாப் பெட்டியில் லாட் எண் இருக்கும். ஆனால் பெட்டியைப் பிரித்துத் தோட்டாவைக் கையில் எடுத்த நொடியே அந்தத் தொடர்பு அறுந்துவிடும். தரையில் கிடக்கும் காலி தோட்டா எந்தப் பெட்டியில் இருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. பிரேசில் சட்டம் அந்த ஓட்டையைத்தான் அடைத்தது.

பலன் கிடைத்ததா? கிடைத்தது.

2011 ஆகஸ்ட். ரியோ டி ஜெனிரோவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் நிதெரோய் நகரம். நீதிபதி பத்ரீசியா அசியோலி தன் வீட்டு வாசலில் 21 முறை சுடப்பட்டுக் கொல்லப்பட்டார். அவர் செய்த குற்றம்? ஏழைப் பையன்களைச் சுட்டுக் கொன்றுவிட்டு "எதிர்த்துத் தாக்கினான், அதனால் சுட்டோம்" என்று எழுதும் போலீஸ்காரர்களைச் சிறைக்கு அனுப்பினார். இந்த வசனத்தை நாமும் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்குதானே?

கொலை நடந்த இடத்தில் கிடைத்த காலி தோட்டாக்களின் லாட் எண்ணைப் படித்தார்கள். ரியோ மாநில ராணுவப் போலீஸ் வாங்கிய லாட். அதில் ஒரு பகுதி சாவோ கொன்சாலோ பட்டாலியனுக்குப் போயிருந்தது. அந்த நீதிபதி யார் மீது விசாரணை நடத்தினாரோ அதே பட்டாலியன்! அந்த நூலைப் பிடித்துப் போனார்கள். கடைசியில் பட்டாலியன் தளபதி உட்பட 11 போலீஸ்காரர்களுக்குத் தண்டனை கிடைத்தது.

சட்டம் வேலை செய்தது. அதனால்தான் அதிகாரத்தில் இருந்தவர்களுக்கு அது கசந்தது.

2018 மார்ச் 14. ரியோ மாநகராட்சி உறுப்பினர் மரியெல்லே ஃபிராங்கோ. கறுப்பினப் பெண். மாரே என்ற குடிசைப் பகுதியில் பிறந்து வளர்ந்து, படித்து, 2016 தேர்தலில் 46,000-க்கும் மேல் ஓட்டு வாங்கி ஜெயித்தவர். குடிசைப் பகுதிகளில் போலீஸ் நடத்திய கொலைகளைத் தட்டிக் கேட்டவர். அன்று இரவு கூட்டம் முடிந்து காரில் திரும்பும்போது பக்கத்தில் வந்த காரிலிருந்து 13 முறை சுட்டார்கள். மரியெல்லேவும் ஓட்டுநர் ஆண்டர்சன் கோமஸும் அங்கேயே இறந்தார்கள்.

சாலையில் 9 எம்.எம். காலி தோட்டாக்கள் கிடந்தன. அடியில் லாட் குறி: யு.இசட்.இசட்-18.

அது யாருடையது? 2006 டிசம்பரில் சி.பி.சி. என்ற பிரேசில் தோட்டாக் கம்பெனி அந்நாட்டு மத்திய போலீஸுக்கு விற்ற லாட். ஆமாம் தோழர்களே, மக்கள் வரிப் பணத்தில் அரசாங்கம் வாங்கிய தோட்டா.

இதே லாட்டின் தோட்டாக்கள் இதற்கு முன்பும் தலைகாட்டியிருந்தன. 2015 ஆகஸ்டில் சாவோ பாவ்லோ பக்கம் ஒசாஸ்கோ, பருவேரி என்ற இரண்டு ஊர்களில் ஒரே இரவில் 17 பேரைச் சுட்டுத் தள்ளினார்கள். அந்தப் படுகொலையிலும் தண்டனை பெற்றவர்களில் போலீஸ்காரர்கள் இருந்தார்கள். அங்கேயும் கிடைத்தது யு.இசட்.இசட்-18.

அப்படின்னா அந்தத் தோட்டா எந்த ஆபீஸுக்குப் போனது, யார் வாங்கினார் என்று உடனே பிடித்திருக்கலாமே?

பிடிக்க முடியவில்லை. ஏன் தெரியுமா? 10,000-க்கு மேல் போகக் கூடாது என்ற லாட்டில் 18 லட்சத்துக்கும் மேல் தோட்டா போட்டிருந்தார்கள்! அது நாடு முழுக்க மத்திய போலீஸ் அலுவலகங்களுக்குப் பிரிந்து போயிருந்தது. 10,000 தோட்டாவுக்கு ஓர் எண் என்றால் அது முகவரி. 18 லட்சம் தோட்டாவுக்கு ஓர் எண் என்றால் அது வெறும் அலங்காரம். ஒரு தெரு முழுக்க எல்லா வீட்டுக்கும் ஒரே கதவு எண் ஒட்டிவிட்டுத் தபால்காரரைத் தேடச் சொன்ன மாதிரி.

சட்டத்தை ரத்து செய்ய வேண்டிய அவசியமே அவர்களுக்கு வரவில்லை. சட்டம் புத்தகத்தில் இருந்தது. நடைமுறையில் அதன் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள்.

அடுத்து மந்திரி வந்தார். அன்றைய பொதுப் பாதுகாப்பு (உள்நாட்டுச் சட்டம் ஒழுங்கு) அமைச்சர் ரவுல் ஜுங்மன், அந்தத் தோட்டாக்கள் பல வருடங்களுக்கு முன் பரைபா மாநிலத்தில் தபால் துறையிலிருந்து திருடப்பட்டவை என்றார். "எங்களிடம் அப்படி ஒரு திருட்டே பதிவாகவில்லை" என்று தபால் துறை சொன்னது. உடனே அமைச்சகம், திருடுபோனதாகச் சொல்லவில்லை, பரைபாவில் ஒரு தபால் நிலையக் கொள்ளை நடந்த இடத்தில் அந்த லாட்டின் காலி தோட்டா கிடைத்தது என்றுதான் சொன்னோம் என்று பேச்சை மாற்றியது. திருடுபோச்சு, எலி கடிச்சிருச்சு, மழையில நனைஞ்சு போச்சு. அதிகாரத்தின் பாஷை எல்லா நாட்டிலும் ஒன்றுதான், உச்சரிப்புதான் வேற.

சுட்டவர்கள் யார் என்று பின்னால் தெரிந்தது. இரண்டு பேரும் முன்னாள் ராணுவப் போலீஸ்காரர்கள். 2019 மார்ச்சில் கைது. 2024 அக்டோபரில் ஒருவருக்கு 78 வருடமும் மற்றவருக்கு 59 வருடமும் தாண்டிய சிறைத் தண்டனை. 2024 மார்ச்சில், கொலைக்கு உத்தரவு போட்டதாக இரண்டு அரசியல்வாதிச் சகோதரர்களும், உடந்தை என்று ரியோ சிவில் போலீஸின் முன்னாள் தலைவரும் கைதானார்கள். அந்தப் போலீஸ் தலைவர் யார் தெரியுமா? கொலைக்கு முந்தைய நாள்தான் பதவி ஏற்றவர். கொலைக்குப் பிறகு மரியெல்லேவின் குடும்பத்தைச் சந்தித்து ஆறுதல் சொன்னவர்.

இவ்வளவுக்கும் பிறகு பாடம் கற்றார்களா? 2020-இல் ஆயுதங்கள், தோட்டாக்களின் அடையாளக் குறி, கண்காணிப்பு ஆகியவற்றை இறுக்கும் மூன்று விதிகளை ராணுவம் வெளியிட்டது. ஏப்ரல் 17 அன்று அதிபர் போல்சனாரோ அவற்றை ரத்து செய்ய உத்தரவிட்டதாகத் தானே ட்விட்டரில் பெருமையாக அறிவித்தார். தோட்டாவுக்கு முகவரி இருந்தால் யாருக்கு வயிறு எரிகிறது என்பதை அந்த ஒரு ட்வீட் சொல்லிவிட்டது.

"பிரேசில் கதை நமக்கு எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு, நம் ஊருக்கு வருவோம்.

1919 ஏப்ரல் 13, ஜாலியன்வாலா பாக். 50 துப்பாக்கிகள், சுமார் பத்து நிமிடம், 1,650 தோட்டாக்கள். இந்த 1,650 என்ற துல்லியமான எண் எப்படி வந்தது? சிப்பாய்கள் பொறுக்கிய காலி தோட்டாக்களை எண்ணி வந்தது என்று சொல்லப்படுகிறது. ஆளுக்குச் சராசரி 33 தோட்டா. இறந்தவர்கள்? அரசாங்கக் கணக்கு 379. காங்கிரஸ் நடத்திய விசாரணை ஆயிரம் பேர் அளவுக்கு என்றது. இன்றுவரை உறுதியான எண் இல்லை. வெள்ளைக்கார அரசாங்கம் பித்தளையைக் கடைசித் துண்டு வரை எண்ணியது. பிணங்களை எண்ணவில்லை. சொத்துக்குக் கணக்கு, உயிருக்குக் கணக்கு இல்லை.

சுதந்திரம் வந்த பிறகு பித்தளைக் கணக்காவது ஒழுங்காக இருக்கிறதா?

பக்கத்து மாநிலம் கேரளம். 2020 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் வைத்த சி.ஏ.ஜி. அறிக்கையைப் பாருங்கள். திருவனந்தபுரத்தில் உள்ள சிறப்பு ஆயுதப்படை பட்டாலியனில் 25 இன்சாஸ் ரைஃபிள்களையும் 12,061 தோட்டாக்களையும் காணவில்லை என்றது. சில இடத்தில் உண்மைத் தோட்டாவுக்குப் பதில் போலியை வைத்திருந்ததும் வெளியே வந்தது. ரைஃபிள்கள் எல்லாம் இருக்கின்றன, பதிவேட்டில்தான் குழப்பம் என்று பிறகு போலீஸ் விளக்கியது. இருக்கட்டும். ரைஃபிளுக்கு உடம்பில் நம்பர் இருக்கிறது, அதனால் தேடிக் கண்டுபிடித்தோம் என்று சொல்ல முடிந்தது. காணாமல் போன தோட்டா நாளைக்கு எங்காவது ஒரு கொலை நடந்த இடத்தில் கிடந்தால், இது அந்தப் பட்டாலியனின் தோட்டா என்று எதை வைத்துச் சொல்வார்கள்? "கே.எஃப்" என்ற இரண்டு எழுத்தை வைத்தா?

அடுத்து நம் வீட்டுக்குள்ளேயே வருவோம். 2018 மே 22, தூத்துக்குடி. மரியெல்லே கொல்லப்பட்டு எழுபது நாள்கூட ஆகவில்லை. ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர் போனது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் விசாரித்தது. அந்த அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்துக்கு வந்தது. துப்பாக்கிச் சூடு நியாயமற்றது என்றும், 17 போலீஸார் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் ஆணையம் சொன்னது. நான்கு வருடத்துக்கு மேல்! எந்த இடத்தில் யார் எத்தனை ரவுண்டு சுட்டார் என்ற கேள்விக்கு விடை கேட்டுச் செத்தவர்களின் தாய்மார்கள் இத்தனை வருடம் காத்திருக்க வேண்டுமா? ஒவ்வொரு காலி தோட்டாவும் இந்த லாட், இந்தக் காவலர் கையெழுத்து என்று பேசியிருந்தால், மறு வாரமே மேஜையில் வைத்துக் கேட்டிருக்கலாமே?

இப்ப எதிர்ப்பக்கம் என்ன சொல்வாங்க என்று நமக்குத் தெரியும். ஒவ்வொன்றாகப் பதில் வைத்துக்கொள்ளுங்கள்.

"செலவாகும்." கட்கியிலும் வரண்காவிலும் ஒவ்வொரு தோட்டாவின் அடியிலும் ஏற்கெனவே அச்சுப் போடுகிறார்கள். அதோடு லாட் குறியையும் சேர்க்கச் சொல்கிறோம், வேறொன்றும் இல்லை. பிரேசில் கம்பெனியால் முடிந்தது நம் பொதுத்துறையால் முடியாதா? இந்த இரண்டு தொழிற்சாலையும் 2021 அக்டோபரிலிருந்து மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் கீழ் இருக்கின்றன. டெல்லி நினைத்தால் ஒரு உத்தரவு போதும்.

"கிரிமினல் அரத்தால் தேய்த்து அழித்துவிடுவான்." அழிக்கட்டும், ஒவ்வொன்றாக உட்கார்ந்து அழிக்கட்டும். பைக் திருடன் நம்பர் பிளேட்டைக் கழற்றுவான் என்பதற்காக நாட்டில் யாரும் நம்பர் பிளேட்டே வைக்க வேண்டாம் என்று சொல்கிறோமா? துப்பாக்கியின் அடையாள எண்ணை அழிக்கக் கூடாது என்று 1959 ஆயுதச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு சொல்கிறதே, அழிப்பார்கள் என்று தெரிந்துதானே அந்தப் பிரிவைப் போட்டார்கள்?

"போலீஸின் மன உறுதி குலையும்." நேர்மையான காவலருக்கு இது கவசம். கூட்டத்தில் யாரோ சுட்டுவிட்டுப் பழியைக் கீழ்மட்டக் கான்ஸ்டபிள் தலையில் கட்டுவது நடக்காது. மேலே இருந்து உத்தரவு போட்டவர் கைகழுவ முடியாது. இதைக் கண்டு பயப்படுபவர் யார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"இது உலக நடைமுறை இல்லை." உண்மைதான், உலகமும் இதில் ஓட்டை விட்டிருக்கிறது. 2005-இல் ஐ.நா. கொண்டு வந்த சிறு ஆயுதத் தடமறியும் ஆவணம் துப்பாக்கிக்குக் குறி கேட்கிறது, தோட்டாவை விட்டுவிட்டது. தோட்டா இல்லாத துப்பாக்கி வெறும் இரும்புக் கம்பி. இருந்தும் கம்பிக்குத்தான் நம்பர். 2013-இல் ஆயுத வர்த்தக ஒப்பந்தம் ஐ.நா. பொதுச்சபையில் ஓட்டெடுப்புக்கு வந்தபோது இந்தியா ஓட்டுப் போடாமல் ஒதுங்கியது. காந்தி பிறந்த நாடு முன்னால் நடக்கட்டும் என்று கேட்பதில் என்ன தப்பு?

அதனால் நம் கோரிக்கைகளைத் தெளிவாகச் சொல்கிறோம்.

1. போலீஸ், துணை ராணுவப் படைகளுக்கு விற்கும் ஒவ்வொரு தோட்டாவின் அடியிலும் லாட் குறி பொறிக்க வேண்டும். பெட்டியில் மட்டும் இருந்தால் செல்லாது.

2. ஒரு லாட் 10,000 தோட்டாவைத் தாண்டக் கூடாது. ஒரு லாட் ஒரே மாவட்டத்துக்கு அல்லது ஒரே பட்டாலியனுக்குத்தான் போக வேண்டும். பிரேசிலின் 18 லட்சம் மோசடிக்கு இங்கே கதவு திறக்கக் கூடாது.

3. எந்தத் தோட்டா யார் கைக்குப் போனது, எத்தனை திரும்பி வந்தது என்ற வழங்கல் பதிவேட்டை ஆண்டுதோறும் வெளித் தணிக்கை செய்து, முடிவைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும்.

4. பொதுமக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தால், காலி தோட்டாக்களைச் சுட்ட படையே பொறுக்கக் கூடாது. நீதித்துறை நடுவர் முன்னிலையில், வீடியோ எடுத்து, எண்ணி, சீல் வைக்க வேண்டும். எத்தனை வழங்கியது, எத்தனை சுட்டது, எத்தனை திரும்பியது என்ற மூன்று எண்ணையும் ஒரு வாரத்துக்குள் வெளியிட வேண்டும்.

5. தடயவியல் ஆய்வகங்களைக் காவல்துறையின் பிடியிலிருந்து விடுவிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரே பரீட்சைப் பேப்பர் திருத்தும் நிலைமை வேண்டாம்.

தோழர்களே, உங்களுக்கும் வேலை இருக்கு.

எங்காவது காலி தோட்டா கிடப்பதைப் பார்த்தால் கையில் எடுக்காதீங்க, காலால் தள்ளாதீங்க, ஞாபகார்த்தமாக வீட்டுக்குக் கொண்டு போகாதீங்க. கேப்பில் குழி இல்லாவிட்டால் அது வெடிக்காத தோட்டாவாக இருக்கலாம், உயிருக்கே ஆபத்து. இருந்த இடத்திலேயே விட்டு, தள்ளி நின்று படம் எடுங்க. பக்கத்தில் இருக்கும் கடை, கம்பம், கதவு எண் தெரியும்படி ஒன்று, கிட்டத்தில் ஒன்று. நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்க. கட்சியின் வழக்கறிஞர் அணிக்குச் சொல்லுங்க, எழுத்து மூலம் புகார் கொடுங்க. அந்தப் படத்தை "இன்னார்தான் சுட்டார்" என்று தலைப்புப் போட்டு இணையத்தில் விடாதீங்க. நீதிமன்றத்தில் ஜெயிக்க வேண்டிய சாட்சியத்தை லைக்குக்காக வீணடிக்க வேண்டாம்.

உங்கள் தொகுதி எம்.எல்.ஏ., எம்.பி. எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, நேரில் பார்த்து இந்த ஐந்து கோரிக்கையைக் கொடுங்க. "எங்கள் மாவட்ட ஆயுதப்படையின் தோட்டாக் கணக்கை வெளித் தணிக்கை செய்து எத்தனை வருடம் ஆச்சு?" என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்க. பத்து ரூபாய் செலவு. பாதுகாப்பு ரகசியம் என்று மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்க. தோட்டா எண்ணிக்கையை நாம் கேட்கவில்லை, தணிக்கை நடந்ததா என்றுதான் கேட்கிறோம். இதற்குக்கூடப் பதில் இல்லை என்றால் அந்த மறுப்புக் கடிதத்தையே ஊர் முழுக்க ஒட்டுவோம்.

அந்தத் தோட்டா நம் வரிப் பணத்தில் வாங்கியது. அது நம்மைக் காக்கத்தான் வாங்கியது என்கிறார்கள். அப்படியானால் கணக்குக் காட்டுவதில் என்ன கூச்சம்?

ரேஷன் அரிசிக்குக் கைரேகை கேட்கும் அரசாங்கமே, உன் தோட்டாவுக்கு முகவரி எங்கே?

பகிருங்கள்! கேளுங்கள்! விடை வரும்வரை கேளுங்கள்!

#தோட்டாவுக்குக்_கணக்குக்_கொடு
#ஒவ்வொரு_ரவுண்டுக்கும்_பதில்_வேண்டும்